ஓங்கில் கட்சி எஸ்தர் டீச்சர்

காலை இரண்டாவது பீரியட் நடந்துகொண்டிருந்தது. பியூன் வகுப்பு வாசலில் வந்து நின்று, "எஸ்தர் டீச்சர் போயிட்டாங்களாம்மா, கடலூர் ஆஸ்பத்திரியில" என்றார். மஞ்சள் காமாலைதானே, தேறிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கை முடிக்க எனக்குக் கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு வந்து ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் ஓங்கில் கட்சி என்பது தெரியும். நெய்வேலிக்கு சர்க்கஸ் வந்த வருஷம் தொடங்கிய சண்டை அது. கால்சட்டை போட்டு சைக்கிள் விட்ட சிம்பன்சியைப் பார்த்துவிட்டு வந்து, மனிதனுக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் உண்டா என்று நான் அளந்தேன். கடலூர் முதுநகரில் படகுக்காரர் வீட்டில் பிறந்த சயின்ஸ் டீச்சர் விடுவாரா? கடலில் துள்ளும் ஓங்கில்தான், அந்த டால்பின்தான், நெருங்கிய சொந்தம் என்றார். "அது மீன்தானே டீச்சர்?" என்று வேண்டுமென்றே சீண்டினேன்.

"மீனா? மூச்சு வுடுது, குட்டி போடுது, பால் குடுக்குது. கணக்கு டீச்சர் கணக்கோட நில்லுங்க" என்றவர், அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

கடைசியில் லேடீஸ் கிளப்பில் இதையே பட்டிமன்றமாக வைத்தார்கள். நான் குரங்குக்காக வாதாடி எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் எழுந்து, சின்ன வயதில் அப்பாவின் படகிலிருந்து பார்த்ததைச் சொன்னார். தாய் ஓங்கில் ஒன்று, செத்த குட்டியை மூக்கால் முட்டி முட்டி நீருக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்ததாம், மூச்சு விடட்டும் என்று. குட்டி நழுவும். தாய் முங்கிப்போய் மறுபடி தூக்கும். அந்த இடத்தில் வலை போட மனம் வராமல் அப்பா படகைத் திருப்பிவிட்டாராம். கிளப்பில் ஒருவரும் கை தட்டவில்லை. பலர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெற்றி அவருக்குத்தான்.

குவார்ட்டர்ஸுக்கு நடந்து திரும்பும்போது அவர் முகத்தில் ஜெயித்த களையே இல்லை.

"உங்க கட்சியும் தோக்கல டீச்சர்" என்றார். "சர்க்கஸ்காரரைக் கேட்டேன். அந்தக் குரங்கும் குட்டி செத்தப்ப மார்ல அணைச்சிகினே கெடந்துச்சாம். யாரு கேட்டும் குடுக்கலியாம். ஒண்ணு தண்ணியில, ஒண்ணு மரத்துல, ஆனா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது. நான்தான் ரெண்டுலயும் சேராம பூட்டேன்."

பிறகு நின்று சொன்னார். அவருடைய முதல் குழந்தை இறந்தே பிறந்தது. பார்த்தால் தாய்க்கு ஆகாது என்று, வழக்கம்போல் பெண்கள் துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். கணவர் ஒரு முந்திரித் தோப்பின் ஓரத்தில் அடக்கம் செய்தார். உடம்பு தேறி, அந்த இடத்தையாவது காட்டுங்கள் என்று இவர் கேட்டபோது நிலக்கரிச் சுரங்கம் தோப்பைத் தாண்டிப் போயிருந்தது. மண்ணை வெட்டிக் கொண்டுபோய் எங்கோ மேடாகக் கொட்டியிருந்தார்கள்.

"பையன்னு சொன்னாங்க. அவ்ளோதான் தெரியும்" என்றார்.

ஷிப்ட் முடிந்தவர்களின் சைக்கிள்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.

அடுத்த வருஷம் எனக்கும் அதுவே நேர்ந்தது. ஆஸ்பத்திரி ஆயா துணிச்சுருளோடு கதவுவரை போய்விட்டார். எஸ்தர் டீச்சர் வழி மறித்து நின்றார்.

"அவங்க கையில குடுங்க."

"காட்டக் கூடாதும்மா. பால் கட்டிக்கும், மனசு கெட்டுப்பூடும்."

"கெட்டா கெடட்டும். பெத்தவங்க பாக்கட்டும். குடுங்கன்னா குடுங்க!"

என் மாமியார் அவரைப் பேசாத பேச்சில்லை. வேதக்காரிக்கு எங்கள் வீட்டுக் காரியத்தில் என்ன வேலை என்றுகூடக் கேட்டார். அவர் அசையவில்லை. குழந்தையை வாங்கி என் கையில் வைத்து, துணியை விலக்கி முகத்தைக் காட்டினார். போதும் என்று நான் சொல்லும்வரை யாரையும் கிட்டே விடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

நேற்று அவரை மண்ணில் வைத்துவிட்டு வந்தோம். இனி யாரோடு நான் சண்டை போடுவேன் என்று தெரியவில்லை.

என் மகளுக்கு நெற்றிவரை முடி இருந்தது. இடது காது ஓரம் மடங்கியிருந்தது. மூக்கு அவள் அப்பாவுடையது. தன் பிள்ளையைப் பற்றி எஸ்தர் டீச்சருக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. எனக்குத் தெரியும்.