கெட்டி மேளத்தில் அமுங்கிய பேச்சு

என் வீட்டுக்காரர் இசக்கிமுத்து தவில் வாசிக்கிறவர். தி.நகர் மண்டபங்களில் அவர் வாசிக்காத முகூர்த்தம் குறைவு. எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று நோண்டி நோண்டிக் கேட்கிற மனுஷர். தக்காளி வாங்கப் போனால்கூட அது எந்த ஊரில் விளைந்தது என்று கடைக்காரரின் உயிரை எடுத்துவிடுவார். பெற்ற மகளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீர்த்திக்குப் பாத்திரக்கடை ராகேஷைப் பேசி, வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று முடிவு செய்தது நாங்கள் இரண்டு பேரும்தான். நல்ல இடம், கேட்பதற்கு வேறென்ன இருக்கிறது?

புதன்கிழமை ஆழ்வார்பேட்டையில் ஒரு திரைப்படச் சங்கத்தில் ஊமைப்படம் போட்டார்கள். ஏதோ பிரெஞ்சு நாவலை நூறு வருஷத்துக்கு முன்னால் படமாக எடுத்தார்களாம். இந்த மாதிரிப் படம் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பியானோ வாசிப்பார்களாம், அதற்குப் பதிலாகத் தவில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சங்கச் செயலாளர் அனந்தராமனுக்கு ஆசை. "பேச்சே இல்லாம கதை எப்படிப் புரியும்?" என்று இவரும் தவிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் கீர்த்தியும் முன்வரிசையில் உட்கார்ந்தோம்.

"சர்ச்சுல கல்யாணம் வரும். அங்கே மட்டும் வாசிக்கப்படாது, கப்சிப்னு இருக்கணும்" என்று அனந்தராமன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அந்தக் காட்சியும் வந்தது. ஒரு கிழட்டுப் பணக்காரன் பக்கத்தில் கதாநாயகிப் பெண் கல்யாணக் கோலத்தில் நிற்கிறாள். பாதிரியார் கையைத் தூக்கினார். அவ்வளவுதான்! ஐயர் கையைத் தூக்கினால் கெட்டி மேளம் கொட்டியே பழகியவர், விளாசித் தள்ளிவிட்டார். அதே நேரம் திரையில் அந்தப் பெண் தலையை ஆட்டி ஆட்டி என்னவோ கத்தினாள். படத்தில் சத்தமே கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும், இவர் மேளம்தான் அவள் குரலை அமுக்கிவிட்டது என்று அரங்கமே பதறியது. அடப் பாவி மனுஷா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

படம் முடிந்ததும் அனந்தராமன் சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், இவர் முந்திக்கொண்டார். "சார், அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சு?"

"வேண்டாம்னு சொன்னா. அதுக்குத்தான்யா வாசிக்கப்படாதுன்னேன்."

இவர் முகம் செத்துப்போயிற்று. ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கிளம்பினோம். அசோக் பில்லர் கிட்டே வரும்போதுதான், "நான் ஐயர் கையத்தான பாப்பேன். ஒரு கல்யாணப் பொண்ணு மூஞ்சியக்கூடப் பாத்ததில்லையே, தங்கபுஷ்பம்" என்றார்.

அப்புறம் மகள் பக்கம் திரும்பினார். "கீர்த்தி, உனக்கு ராகேஷைப் பிடிச்சிருக்காம்மா?"

"வெள்ளிக்கிழமை நிச்சயத்த வெச்சுக்கினு இது இன்னா கேள்வி?" என்று நான் கத்தினேன்.

"நீ சும்மா இரு. அவ சொல்லட்டும்."

கீர்த்தி அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "வேணாம்மா" என்றாள். அத்தனை ஆட்டோ சத்தத்திலும் எனக்கு அது தெளிவாகக் கேட்டது.