கிளிமெக் தொட்டுப் பார்த்த கார்கள்

எங்கள் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தின் இணையதளத்தில் நார்பர்ட் கிளிமெக்கைப் பற்றி இப்படிப் போட்டிருந்தார்கள்: "குடும்ப வரவேற்பு ஒருங்கிணைப்பாளர். புதிய குடும்பங்களைக் கைபிடித்துப் பள்ளிக்குள் அழைத்து வருபவர்." பக்கத்தில் படம். அதில் அவர் சிரிக்க முயன்றிருந்தார். பல் பிடுங்கிக்கொள்ள வரிசையில் நிற்பவரின் முகம்.

அவருடைய உண்மையான வேலை குடும்பங்களை வெளியே அனுப்புவது.

அமெரிக்காவின் ஒஹாயோவில் எங்கள் புறநகரான ஃபேர்ஹோமும் நகரமும் லாரல் சாலையில் பிரிகின்றன. சாலைக்கு இந்தப் பக்கம் பிறந்த குழந்தைக்கு இசைக்குழு, நீச்சல் குளம், கல்லூரிக்கு வழிகாட்ட ஓர் ஆலோசகர். அந்தப் பக்கம் பிறந்ததற்குப் பள்ளி வாசலில் உலோகச் சோதனை. பள்ளிகள் எல்லாம் அந்தந்தப் பக்கத்து வீட்டு வரியில் நடக்கின்றன. வரியை உயர்த்தலாமா என்று எங்களிடமே வாக்குக் கேட்பார்கள். சென்ற இலையுதிர்காலத்தில் நாங்கள் வேண்டாம் என்று போட்டோம். நல்ல பள்ளி வேண்டும், வரி வேண்டாம். இதில் எங்களுக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. பள்ளியில் பணம் பற்றாமல் போனதற்கு வேறு காரணம் தேவைப்பட்டது. பொதுக்கூட்டத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து, நகரத்துப் பிள்ளைகள் திருட்டு முகவரி கொடுத்து இங்கே படிக்கிறார்கள் என்றார். கைதட்டல் ஓயவே இல்லை. அடுத்த வாரம் கிளிமெக்கை வேலைக்கு எடுத்தார்கள்.

அவர் நகரக் காவல்துறையில் துப்பறிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முறை எளிமையானது. பனிக்கால விடியலில், புகார் வந்த வீட்டெதிரே போய் நிற்பார். இரவெல்லாம் வெளியே நின்ற காரின் முன்கண்ணாடியில் உறைபனி படிந்திருக்கும். லாரல் சாலையைத் தாண்டி அப்போதுதான் வந்த காரில் கண்ணாடி துடைத்தாற்போல் இருக்கும், இன்ஜின் மேல்மூடி சுடும். கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்ப்பார். அந்தக் காரிலிருந்து இறங்கி, முகவரி கொடுத்த அத்தை வீட்டுக்குள் போன பிள்ளை, சற்று நேரத்தில் அங்கேயே பிறந்து வளர்ந்த முகத்தோடு பள்ளிப் பேருந்துக்கு வெளியே வந்தால், கதை முடிந்தது. கிறிஸ்துமஸுக்குள் ஏழு பிள்ளைகள் போயிருந்தார்கள். அவருக்கு 'கண்ணாடி தடவி' என்று பேர் வந்தது. ஊரில் யாரும் அவரோடு காபி குடிக்கவில்லை, அவரை அழைத்து வந்தவர்கள் உட்பட. அவர்களுக்கு வேலை நடக்க வேண்டும்; வேலை செய்கிறவன் பக்கத்தில் உட்காரக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை, அவரும் லாரல் சாலைக்கு அந்தப் பக்கம்தான் குடியிருந்தார். போலீஸ் ஓய்வூதியத்தில் ஃபேர்ஹோமில் கார் நிறுத்தக் கொட்டகை கூட வாங்க முடியாது.

ஜனவரியில் யோலாண்டா ப்ரூயிட்டின் கார் சிக்கியது. யோலாண்டா மருத்துவமனையில் இரவு உதவியாளர். மகள் இமானி பன்னிரண்டாம் வகுப்பு. ஜூனில் படிப்பு முடிய வேண்டும். இடையில் வெளியேற்றினால், கல்லூரி தருவதாகச் சொன்ன உதவித்தொகை நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. இமானி பேருந்தில் ஏறியதும் கிளிமெக் காரின் அருகே போனார். யோலாண்டா கண்ணாடியை இறக்கினாள்.

"வெளியூர்ப் பொண்ணை இங்க படிக்க வைக்கறீங்கம்மா," என்றார்.

"வெளியூரா? டிடெக்டிவ் சார், உங்க தெருவுக்கு அடுத்த தெரு என்னோடது. சனிக்கிழமை ஒரே கடையில முட்டை வாங்கறோம். ஒவ்வொரு முட்டையா திருப்பித் திருப்பிப் பாத்து பின்னாடி நிக்கறவங்க உயிரை எடுப்பீங்க."

"எனக்கு இங்க படிக்கிற பிள்ளை கிடையாது."

"இருந்திருந்தா?"

"நகரத்துல படிச்சிருக்கும்."

"படிச்சு?"

கிளிமெக் கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அறிக்கையை அன்றே கொடுத்தார்.

மறுநாள் பள்ளி மாவட்டத்தின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளர், டாக்டர் மெரிடித் ஹால்வர்சன், அவரைக் கூப்பிட்டார். அந்த அம்மையார் குரலை உயர்த்தாமலே ஆளை நாற்காலியிலிருந்து எழுப்பக்கூடியவர். இமானி மாநிலக் கணக்குப் போட்டியில் பள்ளிக்குப் பரிசு வாங்கித் தந்தவள், எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டும் என்று இல்லை என்றார்.

"இவ போயிட்டா நம்ம மார்க் சராசரி என்ன ஆகும் நார்பர்ட்?"

"அப்போ நான் அனுப்பின டெல்கடோ பையன்?"

"அவனுக்கு வாசிக்கவே வரல."

"அதுக்குத்தான் பள்ளிக்கூடம்னு நெனச்சேன் மேடம்."

அம்மையார் சிரிக்கவில்லை. வழியை அவரே கண்டுபிடித்தார். ஆசிரியர்களை இழுப்பதற்காக எப்போதோ போட்ட விதி ஒன்று இருந்தது: மாவட்டத்தில் வேலை பார்ப்பவர் எங்கே குடியிருந்தாலும் பிள்ளையை இங்கே சேர்க்கலாம். மதிய உணவுக் கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யாரும் கிடைக்காமல் ஒரு வருடமாக விளம்பரம் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரமே யோலாண்டாவுக்கு இரண்டு மணி நேர வேலை கிடைத்தது. இரவு முழுக்க நோயாளிகளைப் புரட்டிவிட்டு, நண்பகலில் பிள்ளைகள் குடித்துப் போட்ட பால் பெட்டிகளைப் பொறுக்கினாள். இமானி தங்கினாள்.

கிளிமெக்குக்கு இரக்கம் வந்தது என்று சொல்பவர்கள் அவரைப் பார்த்ததில்லை. வந்தது கோபம். தான் ஏழு பேரை அனுப்பியது சட்டம் என்று நம்பியிருந்தார். யார் தங்குவது என்று தீர்மானிப்பது மதிப்பெண் என்று இப்போது தெரிந்தது. தன் சொந்த விடுமுறையில், வேவு பார்க்கப் போன அதே கறுப்புக் கோட்டோடு, அதே ஏழு கதவுகளைத் தட்டினார். இருவர் திறக்கவே இல்லை. ஒரு தகப்பன் நாயை அவிழ்த்துவிட்டான்.

மாரிசோல் டெல்கடோ திறந்தாள். "வாய்யா கண்ணாடி தடவி. இன்னும் என்ன பாக்கி? என் அடுப்பையும் தொட்டுப் பாத்துட்டுப் போறியா?"

"சாப்பாட்டுக் கூடத்துல இன்னும் ஆள் பத்தல. ரெண்டு மணி நேர வேலை. சேர்ந்துட்டா பையன் உள்ள வரலாம். அவங்களால மறுக்க முடியாது."

"நீ எதுக்கு இதை வந்து சொல்ற?"

"கண்காணிப்பாளருக்குப் பிடிக்காது. அதான்."

அவள் நன்றி சொல்லாமல் கதவைச் சாத்தினாள். திங்கட்கிழமை விண்ணப்பித்தாள். அவளோடு இன்னும் மூன்று பேர். ஆள் தேவை என்று மாவட்டமே ஒரு வருடமாகக் கூவிக்கொண்டிருந்ததால், இவர்கள் மட்டும் வேண்டாம் என்பதற்கு ஹால்வர்சனுக்குக் காரணம் கிடைக்கவில்லை. கோடையில் நடந்த பொதுக்கூட்டத்தில் அந்த விதியை ரத்து செய்தார்கள், ஏற்கெனவே சேர்ந்தவர்களைத் தொடாமல். கிளிமெக்கின் பதவியும் அதே கூட்டத்தில் போயிற்று. நாங்கள் கைதட்டினோம்.

நார்பர்ட் கிளிமெக் ஏழு பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வெளியேற்றினார். அவர்களில் நால்வரைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தார். மற்ற மூவர் நகரத்துப் பள்ளியில் படிக்கிறார்கள்.