வாத்தும் முந்திரியும்

கூலிக்குச் சமைக்கிறவள் பாதிச் சமையலைக் கையாலும் மீதியைக் காதாலும் செய்ய வேண்டும். பிறர் குசினியில் என்னைப்போல் வெந்து போனவர்களுக்கு இது விளங்கும். எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு சின்ன விடுதியில் சமையலுக்கு நின்ற காலத்தில் என் காது செய்த வேலைகள் இவை.

பத்தியம்

விடுதி ஹமீது முதலாளியுடையது. என் மனிசன் இறந்தபோது கேள்வி கேட்காமல் வேலை தந்தவர். அவருக்கு நெஞ்சுவலி வந்தது. கொழுப்பு ஆகாது என்று சொல்லிவிட்டார் டாக்குத்தர். அன்றிலிருந்து கஞ்சியும் அவித்த பூசணியும்தான். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டுக் கதிரையில் சாய்ந்து, மத்தியான வெயிலில் தூங்கி வழியும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மூன்று கிழமையில் சட்டை தோளில் தொங்கியது. இப்படியே எங்களை விட்டுப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்தது.

என்ன சாப்பிட ஆசை என்று கேட்டேன். கடலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "தாராக் கறி, தங்கச்சி. ஏலாதெண்டா ஒண்டும் வேணாம்."

தம்பலகாமத்துக் காவல்காரன்

டாக்குத்தரின் மனைவி மதராஸ்காரி. சத்துணவு படித்தவர், நல்ல மனுஷி. விஷயத்தைச் சொன்னதும், "வாத்து தாராளமா சாப்பிடலாம். தோலையும் கொழுப்பையும் எடுத்துட்டு, பழம் போட்டு வேக வைங்க. முந்திரியும் போடுங்க" என்றார். "ஓம் அம்மா" என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதலாளி தாரா கேட்டார், அம்மா வாத்து என்கிறார். எங்களுக்குத் தாரா வேறு, வாத்து வேறு; வாத்து என்றால் வீட்டுக் காவலுக்கு வளர்க்கிற, நீளக் கழுத்துப் பெரிய பறவை. வாத்தில் கொழுப்புக் குறைவாக்கும் என்று நானே முடிவுகட்டி, பஸ் ஏறித் தம்பலகாமம் போனேன். வயல் முடியும் இடத்தில் ஒரு வீட்டு வளவில், வெள்ளை வெளேரென்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது ஒரு வாத்து. கிட்டப் போனேன். என் சேலைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு விடவேயில்லை. வளவுக்காரர் வந்து பிரித்தெடுத்தார். நான் கதையைச் சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இந்தியாக்காரர் தாராவைத்தான் வாத்து எண்டுவினம், அக்கா. இதைக் கறி வைச்சா என்ர வாசலை ஆர் பாக்கிறது?"

முந்திரி

இரண்டு தாராவுடன் திரும்பினேன். ஒரு சொல்லில் விழுந்தவளுக்கு அடுத்த சொல்லிலாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. முந்திரி என்றால் எங்களுக்குக் கொடியில் காய்க்கிற முந்திரிகை, திராட்சைப் பழம்தானே. யாழ்ப்பாணத்து லொறிக்காரரிடம் சொல்லிவைத்து ஒரு பெட்டி எடுப்பித்தேன். பழம் வந்த பிறகே தாராவைப் பள்ளிவாசலடியில் கொடுத்து அறுத்து வாங்கினேன்.

தோலை உரித்து, கொழுப்பை வழித்து, மிளகும் இஞ்சியும் சேர்த்து மெல்லிய நெருப்பில் வைத்தேன். தேங்காய்ப்பால் ஒரு சொட்டும் இல்லை. மேலே மிதந்த நெய்யை அகப்பையால் எடுத்துக்கொண்டே இருந்தேன். அன்னாசித் துண்டும் முந்திரிகையும் விழுந்ததும் குசினிக்கு ஒரு புது மணம் வந்தது. யன்னலால் உப்புக்காற்று வந்து அந்த மணத்தை முன் விறாந்தைக்குக் கொண்டுபோனது. நான் அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத பின்னேரம் அது.

பார்த்துப்போக வந்த டாக்குத்தர் அம்மா சட்டியை எட்டிப் பார்த்தார். நான் பெருமையோடு பழப்பெட்டியைக் காட்டினேன். அவர் ஒரு பழத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நான் சொன்னது கொட்டைங்க. நீங்க கஜுன்னு சொல்வீங்களே, அது."

விறாந்தைக் கதிரை

பக்கத்துக் கடையில் கஜு வாங்கி, எண்ணெய் விடாமல் வறுத்துத் தூவினேன். பழத்தை எடுக்க மனமில்லை. அம்மாவும் இருக்கட்டும் என்றார். கோப்பையைக் கொண்டுபோய் வைத்தேன். முதலாளி முதலில் ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டார். பிறகு ஒரு துண்டு இறைச்சி. பிறகு சோறு கேட்டார். நான் குசினிக்கு ஓடி, கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

திரும்பி வந்தபோது கோப்பையில் எலும்பு மட்டும் கிடந்தது. மூன்று கிழமைக்குப் பிறகு முதன்முறையாக, கப்பல்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பார்வையில் பழைய முதலாளி இருந்தார்.

"எல்லாம் சரி, தங்கச்சி. தோலை ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

இரண்டு சொல்லும் சரியாக விளங்கியிருந்தால் அந்தச் சட்டியில் முந்திரிகை விழுந்திருக்காது; தோலை எடு என்றது மட்டும் எனக்குச் சரியாக விளங்கியது, அதற்குத்தான் அடுத்த பத்து வருடம் ஏச்சு விழுந்தது.