நாற்பத்திரண்டாவது பெயர்

2007 ஜூன் வரை சிவகாசியில் உதுமான் பெயர் வைத்த பட்டாசுப் பெட்டிகள் நாற்பத்தொன்று. அச்சகத்தில் லேபிளுக்குப் பிழை திருத்துவதுதான் அவர் வேலை. பெயர் வைப்பது அதற்கு மேல் கிடைத்த பெருமை. பெயர் வைத்தவருக்கே மிஷினில் விழும் முதல் தாள் என்பது அங்கே வழக்கம். விருதுநகர் வீட்டின் முன்னறைச் சுவரில் நாற்பத்தொரு தாளும் ஒட்டியிருந்தன.

அந்த வாரம் ராக்கெட் பெட்டிக்குப் பெயர் தேடினார்கள். "வெளிநாட்டுப் பேரா இருக்கணும். ஆனா நம்ம கடைக்காரக வாயில நுழையணும்" என்றார் முதலாளி காளீஸ்வரன். உதுமான் பதினொரு பெயர் எழுதி வந்தார். கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்து நாலே மாதமான பிரீத்தி ஒன்றோடு வந்தாள்.

"'சு' சார். ஸ்பெயின் பக்கம் பாஸ்க்னு ஒரு மொழி. அதுல சுன்னா நெருப்பு. இடோங்கிற மொழியிலயும் இருக்கு. அதுல 'தன்னை'ன்னு அர்த்தம்."

"இங்கிலீசுல ரெண்டே எழுத்து!" என்றார் முதலாளி. "பெட்டி முழுக்க அடிக்கலாமே. பாய், நீங்க சரிபாத்துக் கையெழுத்துப் போட்டுருங்க."

உதுமானின் சிவப்பு மைக் கையெழுத்து இல்லாமல் அச்சுப் பிளேட் போடமாட்டார்கள். பதினொரு பெயர் எழுதிய தாளை அவர் நாலாக மடித்தார்.

"சோறு எறங்கலையாக்கும்?" என்றாள் அன்றிரவு விவரம் கேட்ட மனைவி நசிமா. "சுவத்துல எடம் கெடக்கு. அந்தப் புள்ள தாளையும் வாங்கியாந்து ஒட்டுங்க."

"சும்மா இரு. அவ வண்டவாளம் நாளைக்குத் தெரியும்."

மறுநாள் காலை பஸ் ஏறும் முன் இன்டர்நெட் சென்டரில் போய் உட்கார்ந்தார். பிழை ஒன்று கிடைத்தால் போதும். கிடைக்கவில்லை. பாஸ்க்கில் 'சு' நெருப்பேதான். அக்கம்பக்கத்து மொழி எதிலிருந்தும் கடன் வாங்காத பழைய சொல். இடோ, நூறு வருடத்துக்கு முன் சிலர் கூடி உண்டாக்கிய மொழி. அவள் சொல்லாத ஒன்றும் கண்ணில் பட்டது: நெருப்போடு 'சிரி' என்ற முளைக்குச்சியைச் சேர்த்தால் 'சுசிரி'. பாஸ்க்காரர்கள் ராக்கெட்டையே அப்படித்தான் அழைக்கிறார்கள். எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"என்ன பாய், சரிதானா?" முதலாளி கேட்டார். மிஷின்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்படியொரு வார்த்தையே இல்லை என்று சொல்ல நாக்குவரை வந்தது. சொன்னால் நம்புவார்கள், அந்தக் கையெழுத்துக்குப் பத்தொன்பது வருட மதிப்பு.

"சரிதான்" என்று போட்டுக் கொடுத்தார்.

முதல் தாள் பிரீத்திக்குப் போனது. "இத எங்கன ஒட்டுறது பாய்?"

"சுவத்துலதான். பசையக் கொறச்சு வை, சுருங்கிரும்."

சுசிரியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த சீசனுக்கு இருக்கட்டும் என்று வைத்திருந்தார். ஜனவரியில் பிரீத்தியே அதைக் கண்டுபிடித்து முதலாளியிடம் கொண்டுபோனாள்.