எங்கள் பார்க்கிங்கில் கார் நிற்காது

என் மகள் நுனிக்காலில் நடக்கிறாள் என்பதை நான் முதலில் கவனித்தது வீட்டில் இல்லை, கிள்ளானில் ஒரு துணிக்கடையில். அகலமான கடை, வழவழப்பான தரை, பத்துப் பிள்ளைகளை ஓடவிடலாம். ஐந்து வயதுக்காரி குதிகாலைத் தூக்கிக்கொண்டு, திருட வந்தவள் மாதிரி, துணி அடுக்குகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தாள்.

"ஏன் பாப்பா இப்படி நடக்குற? கால் வலிக்குதா?"

"கீழ் வீட்டு ஆன்டிக்குச் சத்தம் கேக்கும்மா."

அந்தக் கடை தரைத்தளத்தில் இருந்தது. அதற்குக் கீழே மண்தான்.

எங்கள் ஃப்ளாட் நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. நாங்கள் மூன்றாவது மாடி. பிள்ளைகள் குதித்தால் கீழ் வீட்டு ஆன்டி துடைப்பக்கட்டையால் அவர் வீட்டுக் கூரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். அவரைக் குறை சொல்லமாட்டேன். ராத்திரி வேலை, பகலில்தான் தூக்கம். ஆனால் அந்த இரண்டு தட்டு வராமலிருக்க நான் நாள் முழுக்கச் சொன்னவை: ஓடாத, குதிக்காத, நாற்காலியை இழுக்காத. என் இரண்டரை வயது மகன் சுவரில் பல்லியைப் பார்த்தால்கூட விரலை நீட்டி "ஓடாத" என்பான். பல்லி ஓடிவிடும். பல்லிக்கு அந்த உரிமை இருந்தது.

கீழே மைதானம் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. சங்கிலி இல்லாத ஊஞ்சல், அடியில் ஓட்டை விழுந்த சறுக்கு. சுற்றிலும் ரிப்பேர் என்று டேப் கட்டியிருந்தார்கள். நாங்கள் குடிவந்தபோது சிவப்பாக இருந்த டேப், இப்போது வெள்ளை.

மிச்சம் இருப்பது பார்க்கிங்தான். ஃப்ளாட்டில் வீட்டுக்கு ஒரு பார்க்கிங், குலுக்கல் போட்டுக் கொடுத்தது. எங்களுக்கு விழுந்தது கடைசி மூலை. இடது பக்கமும் பின்பக்கமும் மதில், வலது பக்கம் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும் இடம். முன்பக்கம் மட்டும் திறந்திருக்கும்.

எனக்கு ஒரு யோசனை வந்தால் அதை ஆறப்போடத் தெரியாது. நான் ஒரு பதிப்பகத்துக்குப் பள்ளிப் பயிற்சி நூல்கள் திருத்துபவள். திங்கட்கிழமை மட்டும் பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸுக்குப் போவேன், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. துணிக்கடைக்குப் போன மறுநாள் ஐந்தரைக்கு லேப்டாப்பை மூடினேன். காரை வெளியே கடைவரிசைப் பக்கம் ரோட்டோரம் விட்டுவிட்டு வந்து, சாக்குக்கட்டியால் எங்கள் பார்க்கிங்கில் பாண்டிக் கட்டம் போட்டேன்.

ஆறு மணிக்குக் கணவர் கிடங்கு வேலை முடிந்து மோட்டாரில் வந்து இறங்கினார்.

"கார் எங்க?"

"ரோட்டுல."

"பார்க்கிங்?"

"அதுல பாப்பா இருக்கா."

ஹெல்மெட்டைக் கழற்றிக் கட்டங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உனக்கு முத்திப் போச்சு லா," என்றார். பிறகு ஒரு கல்லை எறிந்து, கிடங்கு பூட்ஸோடு நொண்டியடித்து மூன்றாம் கட்டம் வரை போனார். நான்காவதில் கோட்டை மிதித்துவிட்டார். மகள் விடவில்லை. "அவுட்டுப்பா! அவுட்டு!" என்று கத்தினாள். அவள் அவ்வளவு சத்தமாகக் கத்தி நான் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன்.

தினமும் ஐந்தரையிலிருந்து ஏழரை. அந்த வாரத்துக்குள் பக்கத்து பிளாக்கிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். மூன்றாம் நாளா நான்காம் நாளா தெரியவில்லை, என் மகளின் குதிகால் தொப்பென்று சிமெண்டில் விழுந்தது. யாரும் எதையும் தட்டவில்லை.

இரண்டாவது மாடியில், ஆன்டிக்கு எதிர் வீட்டு அங்கிளுக்கு மூன்று கார். அவர் வேலிப்பக்கம் நின்று இரண்டு நாள் பார்த்தார். பிறகு வந்தார்.

"அம்மா, எடம் சும்மாதானே கெடக்குது. நான் போட்டுக்கறேன்."

"சும்மா இல்ல அங்கிள். பிள்ளைங்க வெளாடுறாங்க."

"வெளாட்டுக்கு எவனாவது பார்க்கிங்க விடுவானா? படிச்ச புள்ள மாதிரியா பேசுற? ஆளாளுக்கு எடமில்லாம அடிச்சிக்கிறான்."

"உங்களுக்கு மூணு கார் அங்கிள். எனக்கு ரெண்டு பிள்ளைங்க. என்னுது கம்மிதான்."

அவர் சிரிக்கவில்லை. அன்றே ஃப்ளாட் வாட்ஸ்அப் குழுவில் எங்கள் மூலையின் படம் வந்தது. பின்னாலேயே கட்டைவிரல்கள் வந்தன. யாருக்குப் போட்ட கட்டைவிரல் என்று நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆறு மணி இருக்கும். போனில் ஆபீஸ் செய்தி ஒன்றுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன். மகன் முதல் கட்டத்தில் குந்தி உட்கார்ந்து கல் பொறுக்கினான். அங்கிளின் கார் ரிவர்ஸில் எங்கள் மூலைக்குள் வந்தது. குந்தியிருந்த பிள்ளை எந்தக் கண்ணாடியிலும் தெரியமாட்டான். மகள்தான் அலறினாள். நான் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தபோது பம்பர் என் முழங்கையில் உரசியது.

அங்கிள் இறங்கினார். "பாத்தியா? பாத்தியா? இதுக்குத்தான் சொன்னேன்!"

தவறு என் மேலும் இருந்தது, போனில் இருந்தேன். அந்த நிமிடத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அன்று மாலைக்குள் படியில் பார்த்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: பிள்ளைகளை மேலே கொண்டுபோ. கணவரும் அதையே சொன்னார், "விட்டுடு, போதும்." கார் மெதுவாக வர வேண்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அடுத்தவர் இடத்துக்குள் கேட்காமல் ஏன் நுழைந்தாய் என்று அங்கிளை ஒருத்தரும் கேட்கவில்லை.

மறுநாள் குடியிருப்போர் சங்கத் தலைவர் வந்தார். ஓய்வுபெற்ற மலாய்க்காரர், எல்லோருக்கும் பாக்சிக், அதாவது மாமா. வாசலில் நின்று, மலாயில், மரியாதையாகத்தான் சொன்னார். பார்க்கிங் காருக்கு. இந்த ஞாயிறு போய் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு வந்து பார்ப்பார். அங்கே கார் இல்லாவிட்டால் அந்த இடம் மறுபடி குலுக்கலுக்குப் போகும்.

அந்த நாட்களில் பிள்ளைகள் கீழே இறங்கவில்லை. மகள் ஹாலில் மறுபடியும் நுனிக்காலில் நடந்தாள். நான் எதுவும் சொல்லாமலேயே நடந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சிமெண்ட் ஊற்றிய வாளியில் கம்பு நட்டு வைக்கலாமா என்று யோசித்தேன். வாளியை நகர்த்திவிடுவார்கள். நாற்காலி? அதுவும் போய்விடும். திங்கட்கிழமை பிரிக்பீல்ட்ஸில் மதியம் சாப்பிடப் போனபோது கடைக்குப் பின்னால் ஒருத்தர் டபுள் பார்க் பண்ணிய காரைத் தள்ளிக்கொண்டிருந்தார். இங்கே அது சாதாரணம். நிற்கும் கார்களுக்கு முன்னால் குறுக்கே விட்டு, ஹேண்ட்பிரேக் போடாமல், கண்ணாடியில் போன் நம்பர் எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவோம். மறைக்கப்பட்டவர் தள்ளுவார், இல்லாவிட்டால் போன் பண்ணுவார். கையில் சோற்றுப் பொட்டலத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். அடுத்தவரை மறைத்தால் யாரும் கேட்பதில்லை. என்னையே நான் மறைத்தால்?

செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்குக் காரைக் கொண்டுவந்தேன். உள்ளே விடவில்லை. எங்கள் பார்க்கிங்கின் வாயை அடைத்து, குறுக்கே, மதிலிலிருந்து மோட்டார் சைக்கிள் வரிசை வரைக்கும் விட்டேன். ஹேண்ட்பிரேக்கை மட்டும் இறுக்கி இழுத்தேன். அட்டையில் என் நம்பரை எழுதிக் கண்ணாடியில் வைத்தேன். இரண்டு மதில், ஒரு வரிசை மோட்டார், ஒரு கார். நடுவில் பாண்டிக் கட்டம். போனை ஒலி கூட்டிக் கைப்பையில் போட்டு மூடினேன். அது பத்து நிமிடத்தில் அடித்தது.

"ஹலோ, யாரு காரு இது? யாரையோ மறைச்சிக்கிட்டு நிக்குது." இரண்டாவது மாடி அங்கிள்.

"நான்தான் அங்கிள். என் பார்க்கிங்கத்தான் மறைச்சிருக்கேன்."

"ஒன்னையே நீ மறைச்சிக்கிட்டியா?"

"ஆமா அங்கிள். வெளிய போகணும்னா எனக்கே போன் பண்ணிக்கிறேன்."

"படிச்சிப் படிச்சி..." என்று எதையோ முனகிவிட்டு வைத்துவிட்டார்.

கணவர் அன்று வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்தார். மோட்டார் சைக்கிள்கள் வெளியேற வழி இருக்கிறதா என்று தம்முடையதை உருட்டிப் பார்த்தார். இருந்தது. "சரி," என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் நான் இறங்குவதற்கு முன்னால் கார் அங்கே குறுக்கே நின்றது. அவருக்கு அன்று ஓய்வு நாள்.

ஞாயிற்றுக்கிழமை சரியாக ஆறு மணிக்குப் பாக்சிக் வந்தார், கையில் கோப்போடு. உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள்.

"கார் எங்கே?" மலாயில்.

"இதோ, பாக்சிக்."

"இது உள்ளே இல்லையே."

"டபுள் பார்க்."

"டபுள் பார்க் கூடாது."

எங்கள் பிளாக்கை ஒட்டிய வரிசையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அந்தக் கடைசி வரை குறுக்கே குறுக்கே கார்கள், எல்லாக் கண்ணாடியிலும் நம்பர் அட்டை. மூன்றாவதாக நின்றது அவருடையது.

"எல்லாரும் எடுத்தா நானும் எடுக்கறேன், பாக்சிக்," என்றேன்.

அவர் கோப்பைத் திறந்தார், மூடினார். குப்பை லோரிக்கு வழி வேண்டுமே, அது எப்போது வரும் என்று கேட்டார். காலையில் என்றேன். கார் எத்தனை மணி நேரம் இப்படி நிற்கும் என்றார். இரண்டு மணி நேரம் என்றேன். "சங்கக் கூட்டத்தில் பேசுவோம்," என்றார். அனுமதி என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. கூட்டம் நடக்கட்டும், வருகிறேன், பேசுவதற்கு எனக்கு நிறைய இருக்கிறது. மைதானத்து டேப் எந்த நிறத்தில் இருந்தது என்பதிலிருந்து ஆரம்பிப்பேன்.

அதுவரைக்கும் தினமும் ஐந்தரை. நேற்று அங்கிள் இடம் தேடி இரண்டு சுற்றுச் சுற்றினார். எங்கள் மூலைக்கு முன்னால் நிறுத்தி ஹார்ன் அடித்தார். ஒருமுறை இல்லை, கையை எடுக்காமல். பிள்ளைகள் எல்லோரும் அசையாமல் என்னைப் பார்த்தார்கள். மகள் ஒற்றைக்காலில், ஐந்தாம் கட்டத்தில் நின்றாள்.

"அம்மா, அங்கிள் கூப்பிடுறாரு."

"கூப்பிடட்டும்," என்றேன். "நீ தாண்டு."