முயல் சாரின் நாக்கு

கேரட்டின் நுனியை நறுக்கி, பாதியைத் தன் வாயில் போட்டுக்கொள்வார். மறுபாதி நம் கைக்கு வரும். மென்றுகொண்டே நம் முகத்தைப் பார்ப்பார். நாம் விழுங்கிய பிறகுதான் அவரும் விழுங்குவார். அதன் பிறகே "ம், இனிப்பு" என்றோ "கசப்பு" என்றோ தீர்ப்பு வரும். இனிப்பென்றால் மிச்சக் கிழங்கை, கொண்டை மேலே தெரிகிற மாதிரி, மணல் பெட்டியில் நிமிர்த்தி வைப்பார். கசப்பென்றால் குப்பைக் கூடைக்குப் போகும்.

எங்கள் விதைப் பண்ணையில் அவருக்கு முயல் சார் என்று பெயர். நாள் முழுக்கக் கேரட் கடிக்கிறவரை வேறு எப்படிச் சொல்வது? முன்பற்களும் கொஞ்சம் தூக்கல். இது அவருக்கும் தெரியும். அவர் வருகிற சத்தம் கேட்டு நாங்கள் பேச்சை நிறுத்தினால், "முயல் வந்துடுச்சு, எல்லாரும் வேலையைப் பாருங்க" என்று தானே சொல்லிக்கொண்டு நுழைவார். தின்று தின்று அவர் உள்ளங்கை இரண்டும் மஞ்சள் பூத்திருக்கும். புதிதாக வந்த காவலாளி ஒருமுறை பயந்துபோய், "சார், காமாலைக்குப் பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

கண்பார்வைக்கு வேண்டிய சத்து அதிகமுள்ள கேரட்டை உருவாக்குவதுதான் அவர் வேலை. நல்ல கிழங்காகப் பார்த்து, நுனியைத் தின்றுவிட்டுத் தலையை மறுபடி நட்டால் அது வளர்ந்து பூக்கும். அப்படி இரண்டு கிழங்குகளை ஒரே வலைக்கூண்டுக்குள் பூக்கவிட்டு, மகரந்தம் மாற்ற ஈக்களை உள்ளே விடுவோம். ஈப் பெட்டியைத் தூக்கி வரும்போது மட்டும் அவருக்குச் சம்பந்தி மிடுக்கு வந்துவிடும். "வழி விடுங்க, மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க வந்தாச்சு" என்பார். ஊரெல்லாம் ஈயை விரட்டும், இவர் ஈக்கு வரவேற்பு கொடுப்பார்.

"சத்து எவ்வளவுன்னு மெஷின் சொல்லிடும். ருசியை நாக்குதான் சொல்லணும். பிள்ளைங்க திங்கலேன்னா சத்து இருந்து என்ன பிரயோஜனம்?" இது அவர் அடிக்கடி சொல்கிற பேச்சு.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அதனால் பார்த்துக்கொண்டிருப்பேன். உரக்குழியைக் கிளறுகிற நாளில் நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். அவர் அதன் ஓரத்திலேயே உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். ஒருநாள் சாப்பிட்டு முடித்த நேரத்தில் அவர் மனைவி போனில் கூப்பிட்டார். அந்த அம்மாவின் குரலுக்குப் போனே தேவையில்லை. "ஏங்க, இன்னைக்கு எதுலயுமே உப்புப் போடலையாம், உங்க பொண்ணு சொல்றா. நீங்க அப்படியேவா சாப்பிட்டீங்க?" அவர் காலி டப்பாவைப் பார்த்தார். "கம்மியாத்தான் இருந்துச்சு. உடம்புக்கு நல்லதுன்னு விட்டுட்டேன்" என்றார். காது மடல் சிவந்துவிட்டது. எழுந்து போய், கழுவிய டப்பாவையே மறுபடியும் கழுவினார்.

அந்தக் கேரட் விளைந்தது அதற்குப் பின்னால்தான். வெட்டினால் உள்ளே அனல் மாதிரி நிறம். மெஷின் சொன்ன அளவைக் கேட்டு ஆய்வுக்கூடமே கைதட்டியது. அவர் அதை "நம்ம பொண்ணு" என்றுதான் சொல்லுவார். ருசி பார்த்த அன்று வழக்கம்போல எங்கள் முகங்களைப் பார்த்தார். கசந்தது. ஆனால் அவர் அப்படி ஆசையோடு பார்க்கும்போது யாரால் முகம் சுளிக்க முடியும்? எங்களோடு களையெடுக்கிற வாயாடி அக்காகூடச் சிரித்தபடியே விழுங்கிவைத்தாள். அவர் முகம் மலர்ந்து, "இனிப்பு" என்றார். பெரியவர் சொன்னால் சரியாக இருக்கும், நம் நாக்குத்தான் கெட்டுக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

விதையெடுத்து, மறுபடி விதைத்து, பயிரும் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விரும்பித் தின்றால் விவசாயிகளுக்கு விதை கொடுப்பது என்று பண்ணையில் முடிவானது. "நம்ம பொண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்புறோம்" என்று தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நறுக்கிய கேரட்டைத் தட்டுகளில் அடுக்கி வேனில் கொண்டுபோனோம்.

சாப்பாட்டுக் கூடத்தில் முதல் வரிசைப் பிள்ளைகள் கடித்தார்கள். ஒரு சின்னப் பெண் தட்டிலேயே துப்பினாள். பக்கத்துப் பிள்ளையும் துப்பியது. அப்புறம் வரிசை வரிசையாகத் துப்பல்தான். தலைமையாசிரியை ஒரு துண்டை வாயில் வைத்ததும் கைக்குட்டையைத் தேடினார். "சார், நீங்க இதைச் சாப்பிட்டுப் பார்த்தீங்களா?"

அவர் ஒரு பெரிய துண்டாக எடுத்தார். கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. நிதானமாக மென்றார். அவர் கண்கள் எங்கள் பக்கம் வந்தன. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். பார்க்க ஒரு முகமும் கிடைக்கவில்லை. விழுங்கிவிட்டு, "இனிப்பாத்தானே இருக்கு?" என்றார்.

முதலில் துப்பிய பெண் வாயைப் பிளந்தாள். "அங்கிள், உங்களுக்கு நாக்கே இல்லையா?"

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் தட்டுகள் அதிர்ந்தன. அவரும் சிரிக்கப் பார்த்தார். உதடு மட்டும் இழுபட்டது. மஞ்சள் உள்ளங்கைகளைப் பின்னால் கட்டி மறைத்துக்கொண்டார்.

திரும்பும்போது வேனில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே பேசினார். "ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் வந்தப்ப நானும் படுத்தேன்ல. அதோட வாசனையும் போச்சு, ருசியும் போச்சு. வந்துடும் வந்துடும்னு இருந்தேன். வரலை. வெளியில சொன்னா வேலையில வச்சிருப்பாங்களா?" பிறகு என்னிடம், "நீ வாய் திறக்க மாட்டே. மூஞ்சியாவது உள்ளதைச் சொல்லும்னு நினைச்சேன்மா" என்றார். கூச்சப்படுகிறவளின் முகம்தான் எல்லோர் முகத்தையும்விட இறுக்கமாகச் சாத்திக் கிடக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. நான் மடியில் இருந்த காலித் தட்டைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் அவர் வரவில்லை. அடுத்த நாள் மனைவியோடு வந்தார். அந்த அம்மா எங்களைப் பார்த்து, "இத்தனை நாளா என் சமையலை ஒரு குறை சொல்லலை. மனுஷன் திருந்திட்டார்னுல்ல நினைச்சேன்!" என்றார். சொல்லும்போதே கண் கலங்கியது. பண்ணை மேலாளரின் அறைக்குள் முயல் சார் தனியாகப் போய்த் தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னார். வேலை போகவில்லை. 'நம்ம பொண்ணு' மட்டும் மொத்தமாகக் குப்பைக் குழிக்குப் போனது. தள்ளுவண்டியை யாரிடமும் கொடுக்காமல் அவரே தள்ளிக்கொண்டு போனார்.

"தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நிக்காம, முயலே ஒத்துக்கிச்சே, அதுவே பெரிசு" என்றாள் வாயாடி அக்கா. ஆனால் அன்றைக்கு அவள் குரலில் கிண்டல் இல்லை.

இப்போது புதிய பாத்தியில் விளைந்த கிழங்குகளைத் தோண்டியெடுத்திருக்கிறோம். கத்தியைத் துடைத்தார், நுனிகளை நறுக்கினார், எங்கள் கையில் கொடுத்தார். தன் வாயில் எதையும் போட்டுக்கொள்ளவில்லை. அலமாரியிலிருந்து எனாமல் கிண்ணம் ஒன்றை எடுத்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, கிண்ணத்தை மட்டும் பின்னால் நீட்டினார்.

"நான் பார்க்கலை. நல்லா இல்லேன்னா துப்பிடுங்க."

யாரும் அசையவில்லை. என் வாயில் இருந்தது கசந்தது. நாலு பேர் முன்னால் நான் தும்மக்கூட மாட்டேன். கிட்டே போய்த் துப்பினேன். எனாமலில் விழுந்த சத்தம் அந்தக் கொட்டகை முழுக்கக் கேட்டது. அவர் பிடரி சிவந்தது. திரும்பவில்லை. அடுத்தவருக்கு எட்டுகிற மாதிரி கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.