மழை பார்த்துக் கடைசித் தவணை

வீட்டுக்குப் புதுக் கூரை போட்ட சலீம் மேஸ்திரியிடம் வேலைக்கு முன்பே எழுதி வாங்கியிருந்தேன்: ஒரு நல்ல மழை பெய்து, உள்ளே ஒழுகாவிட்டால்தான் கடைசித் தவணை.

வேலை முடிந்ததிலிருந்து குன்னூரில் ஒரே வெயில். சலீம் தம்பி தினமும் போன் செய்தார்.

"ஏனுங்கக்கா, தொழுகையில மழைக்குக் கொஞ்சம் துவா கேளுங்க."

"கேக்கறேன் தம்பி. ஒழுகக் கூடாதுன்னும் சேத்துக் கேக்கறேன்."

இன்று மதியம் கொட்டித் தீர்த்தது. நனைந்துகொண்டே வந்தவர், கொடுத்த டீயைக்கூடத் தொடாமல் அறை அறையாக அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

பணம் கொடுத்து, ரசீதில் கையெழுத்து வாங்கினேன்.

"இந்த மழைக் கண்டிஷனை வேற யாருக்கும் சொல்லிக் குடுத்துறாதீங்கக்கா," என்றார்.

நான் சிரித்தேனே தவிர, வாக்குக் கொடுக்கவில்லை. யார் வீட்டிலாவது கூரை வேலை இருந்தால் சொல்லுங்கள். தம்பியையே அனுப்புகிறேன், கண்டிஷனோடு.